சடையாண்டியின் கைபடாத தையல்

உடைமுள் அடர்ந்த ஒரு காட்டில் முள்ளம்பன்றிக் குடும்பம் ஒன்று செருப்புத் தைத்துப் பிழைத்து வந்தது. அந்தக் காட்டில் வெறுங்காலோடு நடக்க முடியாது. எங்கே கால் வைத்தாலும் முள். வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். மானும் முயலும் நரியும் அந்தக் குடும்பத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் மேய்ந்தன, ஓடின, ஒன்றையொன்று துரத்தின.

வயதாகிச் செத்த எருமையின் தோலை அதன் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி வருவார்கள். ஆவாரம்பட்டை போட்ட குழியில் அதை ஊறவைப்பார்கள். பதமானதும் அறுத்து, பனைநாரை முறுக்கித் தைப்பார்கள். ஊசிக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. முதுகிலிருந்து உதிரும் முள்ளே ஊசி.

தொழில் ஆண்பிள்ளைக்குத்தான் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதனால் தகப்பன் சாகும் முன் காட்டையே கூட்டி, தன் ஊசியை மகன் சடையாண்டியின் கையில் கொடுத்தான். சடையாண்டி அதை நாரில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பிறகு அதைக் கழற்றவே இல்லை. கழற்றினால் அல்லவா தைக்க முடியும்?

தைத்ததெல்லாம் அவன் தங்கை செம்பாயி. வளைக்குள் உட்கார்ந்து விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தைப்பாள். சடையாண்டி வளை வாசலில் ஒரு பாறைமேல் அமர்ந்து வருகிறவர்களிடம் பேசுவான். பேச்சில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தன் பாட்டன் தைத்த செருப்பைப் போட்டவர்கள் செத்த பிறகும் செருப்பு நடந்துகொண்டிருந்தது என்பான். கேட்டவர்கள் அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்தக் கை பூப்போல மெத்தென்று இருக்கும். இத்தனை வேலை செய்யும் கை எப்படி இப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒருமுறை ஒரு மான் மட்டும், உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறதே என்றது.

"தங்கச்சிதான். சும்மா உட்கார முடியாமல் கூடமாட ஒத்தாசை செய்கிறது" என்றான் சடையாண்டி.

அது செம்பாயியின் காதில் விழுந்தது. அன்றைக்கு மட்டுமல்ல, பல நாளும் விழும். அவளுக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. புதுச் செருப்போடு போகிறவர்களின் நடைச் சத்தத்தைக் கேட்டே வார் சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வாள். இது போதும் என்று நினைத்துக்கொள்வாள். போதவில்லை என்று தோன்றும் நாட்களில் இன்னும் இறுக்கித் தைப்பாள்.

அந்த ஆண்டு கோடையில் குளம் வற்றியது. பிறகு சேறும் காய்ந்து வெடித்தது. மலைக்கு மேலே எந்தக் கோடையிலும் வற்றாத மடு ஒன்று உண்டு. வழி தெரிந்தவள் கரியம்மா என்ற யானை மட்டும்தான். அது வாயால் சொல்லிப் புரியவைக்கும் வழி அல்ல, முன்னால் நடந்துதான் காட்ட வேண்டும். கரியம்மாவோ பாறை இடுக்கில் கால் சிக்கி, முன்னங்காலின் அடி கிழிந்து ஆலமரத்தடியில் கிடந்தாள். அந்தக் காலைத் தரையில் ஊன்றினாலே உயிர் போய் வந்தது. அவள் எங்கே மலை ஏறுவது?

அவளைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். கரியம்மாவைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நரி யோசனை சொன்னது. யார் யார் தூக்குவது என்று கேட்டபோது எல்லோர் பெயரையும் சொல்லியது, தன் பெயரைத் தவிர. முயல்தான், அந்தக் காலுக்கு ஒரு செருப்புத் தைத்தால் என்ன என்று கேட்டது. எல்லோரும் சடையாண்டியின் பக்கம் திரும்பினார்கள்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை கண்கள் பார்க்கும்போது அப்படிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எழுந்து நின்று கழுத்து ஊசியைத் தடவினான்.

"மதம் பிடித்த யானையையே நிற்கவைத்து நாலு காலுக்கும் தைத்தவர் என் பூட்டன். இது ஒற்றைக் கால்தானே?" என்றான்.

கூட்டம் மெய்சிலிர்த்தது. கரியம்மா மட்டும் சிலிர்க்கவில்லை. கால் வீங்குவதும் வற்றுவதுமாக இருக்கிறது, அளவெடுத்துப்போய் வீட்டில் தைத்து வந்தால் சரிவராது, நாளைக் காலையில் இதே இடத்தில், காலிலேயே வைத்துத் தைத்துவிடு என்றாள். தைத்து முடித்ததும் கிளம்ப வசதியாக எல்லோரும் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

சடையாண்டிக்கு முதுகு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. வளைக்கு ஓடிவந்து தங்கையிடம் விஷயத்தைச் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் கனமான தோலாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டாள்.

"நான் வந்து தைக்கிறேன். இதற்கு எதற்கு இப்படி வேர்க்கிறாய்?" என்றாள்.

ஊரே பார்க்க நீ உட்கார்ந்து தைத்தால் என்னை யார் மதிப்பார்கள், குடும்ப மானம் என்ன ஆகும் என்று அவன் புலம்பினான்.

"அண்ணே, தண்ணி வேணுமா, மானம் வேணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றான் சடையாண்டி. பிறகு தன் திட்டத்தைச் சொன்னான்.

கரியம்மா காலை இரண்டு கற்களின்மேல் வைக்க வேண்டும். கற்களுக்கு நடுவே ஒரு குழி. குழிக்குள் செம்பாயி ஒளிந்திருந்து கீழிருந்தே தைக்க வேண்டும். மேலே அவன் குனிந்து கையை ஆட்டிக்கொண்டிருப்பான். தழையைப் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது.

பக்கத்து வளையில் முயல் குட்டிகள் தாகத்தில் அழுது ஓய்ந்து, இப்போது அழுவதைக்கூட விட்டிருந்தன. அந்த அமைதி செம்பாயியைப் பயமுறுத்தியது. சரி என்றாள். கரியம்மா மூன்று காலில் நொண்டி மூங்கில் நிழலுக்கு ஒதுங்கியிருந்த நேரத்தில் குழியையும் அவளே போய்த் தோண்டினாள். அண்ணனுக்கு அன்றைக்கு முதுகுவலி.

மறுநாள் காலையில் காடே ஆலமரத்தடியில் நின்றது. கரியம்மா மரத்தில் சாய்ந்துகொண்டு புண்பட்ட காலைக் கற்களின்மேல் வைத்தாள். சடையாண்டி கும்பிடு போட்டுவிட்டுக் குனிந்தான். தழைக்குள்ளிருந்து முள் ஏறியது, நார் இழுபட்டது, தோல் வளைந்து காலை அணைத்தது. புண் இருந்த இடத்தில் மான் உதிர்த்த முடியை அடைத்த மெத்தென்ற பட்டை வந்து உட்கார்ந்தது. காலடியில் என்ன நடக்கிறது என்பது யானைக்குத் தெரியாமலா போகும்? மேலே ஆடும் கை வேறு, கீழே தைக்கும் கை வேறு என்று கரியம்மாவுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வலி குறைந்துகொண்டே வந்தது. அதனால் பேசாமல் இருந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த நரிக்குப் பரவசம் தாங்கவில்லை. தொழில் என்றால் இது, இரத்தத்திலேயே ஓட வேண்டும் என்றது. சடையாண்டி தலை நிமிர்ந்தான். பாராட்டு வந்தால் பதில் பேசாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. முப்பாட்டன் கதையை எடுத்தான். கதை சூடு பிடித்ததும் நிமிர்ந்து நின்றான். முப்பாட்டன் சிங்கத்துக்கு அளவெடுத்த இடம் வந்தபோது சிங்கத்தின் பாதம் எவ்வளவு பெரியது என்று காட்ட இரண்டு கையையும் அகல விரித்தான்.

கீழே தையல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மரத்தின்மேல் இருந்த மந்திதான் அதை முதலில் பார்த்தது. "சடையாண்டி அண்ணே, உங்கள் கை இரண்டும் மேலே இருக்கிறது. நார் கீழே ஓடுகிறதே?" என்று கேட்டது.

கூட்டம் காலைப் பார்த்தது, கையைப் பார்த்தது. சடையாண்டி தூக்கிய கையை இறக்கவே இல்லை.

"அதுதான் பரம்பரை. எங்கள் குடும்பத்தில் தொழில் முற்றிவிட்டால் கை தேவையில்லை. பார்த்தாலே தையல் விழும்" என்றான்.

இதைக் கேட்டால் யாராவது சிரிப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஒருவரும் சிரிக்கவில்லை. நரி கண்ணீர் விட்டது. கைபடாத தையல், கைபடாத தையல் என்று கூட்டம் முணுமுணுத்தது. ஒரு கிழ உடும்பு, தன் காலில் கிடந்த பழைய செருப்பைக் கழற்றி, இதுவும் கைபடாததுதானே என்று கேட்டுத் தலையில் வைத்துக்கொண்டது.

குழிக்குள் செம்பாயி அதைக் கேட்டாள். கூடமாட ஒத்தாசை என்று சொன்னதை அவள் பொறுத்துக்கொண்டாள். அதிலாவது அவள் கைக்கு ஓர் ஓரம் இருந்தது. இப்போது கையே இல்லை என்கிறார்கள். முள் குத்திக் குத்தித் தழும்பேறிய தன் விரல்களை மண் இருட்டில் தடவிப் பார்த்தாள். பிறகு நாரைக் கீழே வைத்தாள்.

தையல் நின்றது.

கரியம்மா கொஞ்சநேரம் பொறுத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். சடையாண்டி செருப்பை உற்றுப் பார்த்தான். கண்ணை உருட்டிப் பார்த்தான். தையல் விழவில்லை. வெயில் கூடிவிட்டது, பார்வைக்கு ஓய்வு வேண்டும் என்றான். பிறகு எதையோ தேடுவதுபோலக் குனிந்து, தழைக்குள் கெஞ்சினான். தழை அசைந்தது. செம்பாயி உடம்பெல்லாம் மண்ணோடு, வாயில் ஒரு கட்டு முள்ளோடு வெளியே வந்தாள்.

"கைபடாத தையலுக்கு ஒரு ஆள் முளைத்திருக்கிறதே" என்றது மந்தி.

செம்பாயி முட்களைக் கீழே வைத்தாள். அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, கையை மேலே தூக்கினது போதும். கொஞ்சம் கீழேயும் கொண்டுவா. வாரை இழுத்துப் பிடிக்க ஆள் வேணும்."

சடையாண்டி போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றான். பிறகு உட்கார்ந்து வாரைப் பிடித்தான். பிடித்த கொஞ்ச நேரத்திலேயே அந்த மெத்தென்ற கை கொப்பளித்துவிட்டது.

இப்போது நரிக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியதற்காக அல்ல. ஊசி வாங்காத கை, அதுவும் பெண்பிள்ளை கை, தைத்த செருப்பு ஆகவே ஆகாது, அதைப் போட்டு நடந்தால் மடு வற்றிப்போகும் என்றது. உடும்பும் ஆமாம் போட்டது. தலையில் இருந்த செருப்பை அவசரமாக இறக்கிக் கீழே வைத்தது.

கரியம்மா இருவரையும் பார்த்தாள்.

"உங்களுக்கு அப்படி என்றால் கட்டாயப்படுத்த மாட்டேன். ஊசி வாங்கிய கை தைத்த செருப்பு வரும்வரை இங்கேயே இருங்கள். நான் இதைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போகிறேன்" என்றாள்.

செம்பாயி கடைசி முடிச்சைப் போட்டாள். கரியம்மா காலை மெல்ல ஊன்றினாள், பாரத்தை ஏற்றினாள், ஓர் அடி வைத்தாள். செம்பாயி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நடைச் சத்தம் சரியாக இருந்தது. கரியம்மா தும்பிக்கையை நீட்டி, முட்கள் குத்துவதைப் பொருட்படுத்தாமல் அவளைத் தூக்கித் தன் முதுகில் வைத்துக்கொண்டாள். வழியில் வார் தளர்ந்தால் இறுக்க ஆள் வேண்டும் என்று காரணமும் சொன்னாள்.

காடு முழுவதும் பின்னால் நடந்தது. நரி கொள்கைக்காகத் தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. முதல் பாறை வந்ததும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மாட்டிக்கொண்டது. மாலைக்குள் மடுவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முயல் குட்டிகளுக்குத்தான் முதலில் தண்ணீர் என்று கரியம்மா சொல்லியிருந்தாள். குட்டிகளை இடித்துக்கொண்டு முதலில் வாயை வைத்தது நரி. மடு வற்றவில்லை.

அதன்பிறகு செம்பாயி வளைக்குள் உட்காரவில்லை. வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, வாசலில் உட்கார்ந்து தைத்தாள். காலை நீட்டுகிறவர்கள் அவளிடமே நீட்டினார்கள். சடையாண்டி ஆவாரம்பட்டை உரித்தான், தோலைத் தேய்த்தான். அந்த வேலை அவனுக்கு மோசமில்லாமலே வந்தது. வாய் மட்டும் பழையபடிதான். பட்டையை உரித்துக்கொண்டே, தங்கச்சிக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று வருகிறவர்களிடம் சொல்வான். செம்பாயி ஊசியை நீட்டி, "அப்படியா, இந்த முடிச்சைக் கொஞ்சம் போட்டுக் காட்டு" என்பாள். உடனே அவனுக்கு முதுகுவலி வந்துவிடும்.

செய்கிறவரை மறைத்துவைத்துச் சேர்த்த புகழ், செய்து காட்டு என்று ஒருவர் கேட்கும் நாள்வரைதான் நிற்கும்.