விளக்கு குடிக்கிற அளவு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் புரியாத விஷயமே கிடையாது என்று அரண்மனைப் புலவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடிவந்த காலத்தில், ஒரு நாடு இருந்தது. அதன் ராஜா சண்டப்பிரசண்டருக்கு இருட்டைக் கண்டால் பயம். ராஜா பயப்படலாமா? ஆகவே அந்தப் பயத்துக்கு ‘ஒளிக்கொள்கை’ என்று பெயர் வைத்தார்கள்.

தெருவெங்கும் பித்தளை விளக்குத் தூண்கள் நடப்பட்டன. அவற்றை வார்க்க வணிகர் சங்கத்தில் கடன் வாங்கினார்கள். எண்ணெய்ச் செலவுக்கு வீட்டுக்கு வீடு விளக்குப்பணம். அந்த விளக்குப்பணம் என்றைக்கும் ஏறாது என்று, பிறந்தநாள் குஷியில் ராஜா கல்லில் வெட்டிவைத்துவிட்டார்.

எள் அந்தக் கல்லைப் படிக்கவில்லை. மழை பொய்த்தால் எண்ணெய் விலை ஏறியது, பெய்தால் இறங்கியது. வணிகர் சங்கமோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடி, கடன் கேட்டு வந்த கூட்டத்தைப் பார்த்து வட்டியை ஏற்றும், இறக்கும். வருகிற பணம் கல் மாதிரி நின்றது. போகிற பணம் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒரு மாதம் எண்ணெய் வாங்கக் கட்டுப்படியாகாமல் பாதி ஊர் இருண்டது. ராஜா கட்டிலுக்கடியில் படுத்தார்.

மறுநாள் சபையில் முழங்கினார்: “இனி எண்ணெய் விலையும் வட்டியும் அசையக் கூடாது!”

பொக்கிஷாதிபதி கம்பீரராயர் எழுந்தார். அவருடைய தலைப்பாகையைப் பற்றி அரண்மனை விகடகவி மருதையன் அடித்த ஒரு ஜோக்குக்குப் போன வாரம் ராஜா சிரித்திருந்தார். அதை ராயர் மறக்கவில்லை.

“அற்புதமான ஆணை, மகாராஜா. இதை நிறைவேற்ற மருதையனை விட்டால் ஆள் ஏது?”

“சரி, மருதையனே செய்யட்டும். தவறினால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்.”

மருதையன் கும்பிட்டான். “உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். ஊருக்கே அசையக் கூடாதா, தங்களுக்கு மட்டும் அசையாமல் இருந்தால் போதுமா?”

“எனக்கு அசையக் கூடாது! ஊர் எப்படிப் போனால் என்ன?”

“அப்படியென்றால் முடியும்” என்று சொல்லிவிட்டு, மருதையன் நேரே எண்ணெய் ஆட்டுகிற செக்கார் தெருவுக்குப் போனான். அங்கே செக்கார்களின் தலைவர் நாச்சியப்பன் மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, வர்ற மாசங்கள்ல எண்ணெய் என்ன விலை போகும்?”

“யாருக்கப்பா தெரியும்? ஏறினா உங்க ராஜா அழுவாரு, இறங்கினா நான் அழுவேன்.”

“ரெண்டு பேரும் அழாத மாதிரி ஒரு விலை பேசுவோம். வருஷம் பூரா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி, குடம் எட்டுப் பணம்.”

“எத்தனை குடம்?”

“விளக்கு குடிக்கிற அளவு. அதுக்கு மேல ஒரு சொட்டும் வேண்டாம்.”

நாச்சியப்பன் மாட்டைத் தட்டிக்கொடுத்தார். “எட்டுன்னா எனக்குக் கட்டும். இன்னொரு மாடு வாங்கலாமா வேண்டாமான்னு தூக்கம் கெட வேண்டியதில்ல.”

அடுத்து உப்பளக்காரர் வேலாவுடையாரைப் பார்த்தான். அவரும் அதே சங்கத்தில் ஏறக்குறைய அதே அளவு கடன் வாங்கியவர். ஆனால் அவருடையது ஆடாத வட்டி. வட்டி இறங்கப்போகிறது, நமக்கு மட்டும் இறங்காதே என்று அவருக்கு உள்ளுக்குள் அரிப்பு. “எங்கள் ஆடுகிற வட்டியை நீங்கள் கட்டுங்கள், உங்கள் ஆடாத வட்டியை நாங்கள் கட்டுகிறோம்” என்றான் மருதையன். உடையார் வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

சபையில் இதைச் சொன்னதும் ராஜாவின் புருவங்கள் ஒன்றையொன்று முட்டின.

“அப்படியானால் உப்பளக்காரரின் கடன் என்னுடையதா?”

“இல்லை மகாராஜா. கடன் அவரவருடையது. வட்டி மட்டும் இடம் மாறியிருக்கிறது.”

“என் வட்டியை அவர் கட்டுகிறார். நல்ல மனிதர்.”

“அவருடையதை நீங்கள் கட்டுகிறீர்கள்.”

“நான் ஏன் கட்ட வேண்டும்? நான் ராஜா அல்லவா?”

சபை தலையாட்டியது. புரிந்தவர்கள் மெதுவாக ஆட்டினார்கள். புரியாதவர்கள் பலமாக ஆட்டினார்கள். சத்தம் பலமாகத்தான் கேட்டது.

அந்த மாதம் மழை பொய்த்தது. கடைத்தெருவில் எண்ணெய் குடம் பதினொரு பணம். ஊர் விளக்குகளுக்கு மட்டும் எட்டு. ஊர் ஜொலித்தது. ராயருக்கு வயிறு எரிந்தது, பிறகு வேறொன்று தோன்றியது. வாயால் பேசியே ஒருவன் இவ்வளவு சாதித்தால், பொக்கிஷாதிபதி பேசினால் எவ்வளவு வரும்? ரகசியமாகச் செக்கார் தெருவுக்கு ஆளனுப்பி, ஊர் விளக்குகள் குடிப்பதைப் போலப் பத்து மடங்கு எண்ணெயை, வருகிற பௌர்ணமிக்குக் குடம் பத்துப் பணம் என்று தம் பெயரில் பேசி முடித்தார். அவர் வீட்டில் இருந்தது ஒரு குத்துவிளக்கு.

“இவ்வளவு எண்ணெயை வச்சு என்னங்க பண்றது?” என்றாள் மனைவி கனகவல்லி.

“மண்டு! எண்ணெயை யார் தொடப்போறா? பௌர்ணமிக்கு முன்னாடி விலை இன்னும் ஏறும். பேசின பேச்சை வேற ஒருத்தன் தலையில பன்னிரண்டுக்குக் கட்டிடுவேன். எண்ணெய் வியாபாரம், ஆனா கை பிசுபிசுக்காது.”

எண்ணெய் இந்தப் பேச்சையும் கேட்கவில்லை. மழை கொட்டியது. பக்கத்து நாட்டிலிருந்து எள் வண்டி வண்டியாய் வந்தது. விலை ஐந்துக்கு விழுந்தது. ராயரின் பேச்சை வாங்க ஒரு ஈ கூட வரவில்லை.

ராயர் சபைக்கு ஓடிவந்தார். “மகாராஜா! கடைத்தெருவில் ஐந்து, மருதையன் கொடுப்பது எட்டு! குடத்துக்கு மூன்று பணம் பாழ்! இந்த மாதிரி முன்கூட்டிப் பேசிய பேச்சுகள் அத்தனையும் செல்லாது என்று அறிவித்துவிடுங்கள்!”

ராஜா திரும்பினார். “மருதையா, போன மாதம் லாபம் என்றாயே?”

“லாபம் என்று சொல்லவில்லை மகாராஜா. அசையவில்லை என்றேன்.”

“இப்போது நஷ்டமா?”

“இப்போதும் அசையவில்லை.”

ராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தலை சுற்றுகிறது! பௌர்ணமிக்குள் இது எனக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் நீ எல்லை தாண்டிப் போ!”

சபை குதூகலித்தது. எதுவுமே இதுவரை ராஜாவுக்குப் புரிந்ததில்லை. தினமும் தாம் ஜெயிக்கிற சதுரங்கம் உட்பட.

மருதையன் மட்டும் நிதானமாகக் கேட்டான்: “ராயர் சொல்கிறபடி, தங்கள் பெயரில் கொடுத்த சொல்லைத் தாங்களே செல்லாது என்று சொல்லப்போகிறீர்களா?”

மானம் என்றால் ராஜாவுக்கு உடனே புரியும். “என் சொல் செல்லாமல் போகுமா? முரசறையுங்கள்! இந்த நாட்டில் வாங்குகிறேன் என்று சொன்னவன் எவனாக இருந்தாலும் பௌர்ணமி விடியலில் தன் வீட்டு வாசலில் வாங்கியே ஆக வேண்டும்!”

“சபையில் இருப்பவர்களும்தானே?”

“என்னையும் சேர்த்து!”

ராயர் தலைப்பாகையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். மருதையன் அவர் பக்கமே பார்க்கவில்லை. முந்தைய வாரம்தான் நாச்சியப்பன் அவனிடம் கேட்டிருந்தார்: “ராயர் வீட்ல என்னப்பா, கடலுக்கு விளக்கு ஏத்தப் போறாங்களா?”

பௌர்ணமி விடிந்தது. ராயர் மாளிகையின் முன் மாட்டு வண்டிகள் தெருமுனை வரை நின்றன.

“சாமி, எங்க இறக்கட்டும்?” என்றார் நாச்சியப்பன்.

குளிக்கிற தொட்டி நிறைந்தது. ஊறுகாய்ச் சாடி, பால் குடம், வாசலில் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி, எல்லாம் நிறைந்தன. ஊஞ்சல் கூடத்தில் அடுக்கிய குடங்கள் சரிந்தன. வாசலுக்கு ஓடிய ராயர் வழுக்கிக் கல்தொட்டிக்குள் விழுந்தார்.

“கை பிசுபிசுக்காதுன்னீங்களே!” என்று கனகவல்லி தூணைக் கட்டிக்கொண்டு கத்தினாள். “கால் நிக்க மாட்டேங்குதே!”

சத்தம் கேட்டு ராஜா பல்லக்கில் வந்தார், பின்னாலேயே மருதையனும் சபையாரும். தூக்கியவர்கள் வழுக்கினார்கள். ராஜா வாசலில் உட்கார்ந்த நிலையில் இறங்கினார்.

“என்ன நடக்கிறது இங்கே?”

“ராயரும் செக்காரோடு விலை பேசினார், நானும் பேசினேன், மகாராஜா” என்றான் மருதையன். “நான் பேசிய எண்ணெயை விளக்கு குடிக்கிறது. ராயருடையதைக் குடிக்க ஆளில்லை.”

“ஆனால் ஐந்து பணத்துக்கு வாங்கியிருக்கலாமே?”

“வாங்கியிருக்கலாம். பதினொன்றாக இருந்த மாதம் இருட்டில் இருந்திருக்கலாம். எது வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்தவர் அதோ, தொட்டிக்குள் நிற்கிறார். மகாராஜா, நேற்று ராத்திரி விளக்கு எரிந்ததா?”

“எரிந்தது.”

“நிம்மதியாகத் தூங்கினீர்களா?”

“எங்கே தூங்குவது? ஒரே வெளிச்சம்!”

சொல்லிவிட்டு எழ முயன்ற ராஜா மறுபடி வழுக்கி, ராயரின் தலைப்பாகையைப் பிடித்தார். அது கையோடு வந்தது. ராஜா அதைப் பார்த்தார். எண்ணெய் சொட்டிய ராயரின் வழுக்கையைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“புரிந்துவிட்டது! முழுக்கப் புரிந்துவிட்டது!”

என்ன புரிந்தது என்று கேட்கிற தைரியம் ஒருவருக்கும் இல்லை. மருதையனும் கேட்கவில்லை. பிழைக்கத் தெரிந்தவன்.

“ராயரே, செக்காருக்குப் பேசிய பணத்தை எண்ணிக் கொடும். மருதையா, இந்த எண்ணெய் முழுவதும் உனக்குப் பரிசு!”

விழுகிற விலையில் இவ்வளவு எண்ணெயை வைத்துக்கொண்டு இவன் படப்போகும் பாட்டை நினைத்துச் சபையார் குஷியானார்கள். மருதையன் கைதட்டினான். தெருமுனையிலிருந்து காலி வண்டிகள் வந்தன.

“கப்பல்காரரிடம் முந்தாநாளே பேசிவிட்டேன் மகாராஜா. எனக்கு எண்ணெய் கிடைத்தால் குடம் ஐந்து பணத்துக்கு அவர் எடுத்துக்கொள்வார், கிடைக்காவிட்டால் அவருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.”

“பரிசு கிடைக்கும் என்று முன்பே தெரியுமா உனக்கு?”

“தங்களிடம் உத்தியோகம் பார்க்கிறவனுக்குப் பரிசா உதையா என்பது கடைசி வரை தெரியாது. அதனால் வைத்தியரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உதைத்தால் தடவ இரண்டு குடம்.”

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார். பிறகு பக்கத்திலிருந்த சேவகனைக் குனியச் சொல்லி, அவன் காதில் மெல்லக் கேட்டார்:

“அது சரி, இப்போது யார் வட்டியை யார் கட்டுகிறார்கள்?”