புளியங்கொட்டையும் ரோந்தும்

மலையடிவார மடத்தில் ஞாயிறு மதியம் சாப்பாடு ஆனதும் மூணு சீட்டு உண்டு. மடத்தில் சீட்டா என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கட்டும். ஆரம்பித்து வைத்ததே குருவம்மா வடிவாம்பாள்தான். பந்தயம் புளியங்கொட்டை, வாரா வாரம் ஆளுக்குச் சமமாகப் பங்கு. நாலு மணி அடிக்கும்போது யாரிடம் கொட்டை அதிகமோ, அவருக்கு மறுநாள் பால் வண்டியில் ஊருக்குப் போக இடம். தோற்றவருக்குச் சமையல்கட்டு.

ஏகாம்பரத்துக்கு அந்த இடம் வேண்டும். ஊரில் மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். பேத்தியை அவர் இன்னும் பார்க்கவில்லை. எட்டு வாரமாக வண்டி ஏறியவர் தருமலிங்கம், பழைய இன்சூரன்ஸ் ஏஜெண்ட்.

கடைசிச் சுற்று வந்தால் தருமலிங்கம் இரண்டு கையாலும் கொட்டையை அள்ளி வைப்பார். எதிராளி அதே அளவு வைத்தால் சீட்டைத் திறந்து காட்டியாக வேண்டும். ஏகாம்பரம் வைக்கவே மாட்டார். பெரிய சீட்டாக இருக்கும் என்று பயந்து தன் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். இத்தனைக்கும் முப்பது வருஷம் போலீஸில் ஏட்டாக இருந்த மனுஷன்.

ஒன்பதாவது ஞாயிறன்று, தன்னைவிட இருபது வயது இளையவரான குருவம்மாவிடம் போய் நின்றார்.

"அவன் வைப்பது பொய்யா நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது அம்மா?"

"தெரியாது. இன்றைக்கு ஒரு தடவை திறக்கச் சொல்லுங்கள்."

சொன்னார். தருமலிங்கத்திடம் மூன்று ராஜா. குவித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே ஆட்டத்தில் போயிற்று.

மறுநாள் ஏகாம்பரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பூசணிக்காய் நறுக்கினார். உங்கள் பேச்சைக் கேட்டு உள்ளதும் போச்சு என்று குருவம்மாவிடமே சொல்லிவிட்டார். குருவம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ராத்திரி ரோந்து போனீர்களே ஏட்டையா, போன தெருவிலெல்லாம் திருடன் கிடைத்தானா?"

"எங்கே அம்மா? மாதம் ஒருத்தன் சிக்கினால் பெரிய விஷயம்."

"சிக்காத ராத்திரியெல்லாம் நடந்தது?"

"அது வீணில்லையே. போலீஸ் வந்தாலும் வரும் என்கிற பயம் அவனுக்கு இருந்தால்தானே..."

கத்தி பூசணிக்காயில் பாதியோடு நின்றது. குருவம்மா எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு. தருமலிங்கம் வழக்கம்போல இரண்டு கையாலும் அள்ளினார். போன வாரம் திறக்கச் சொன்ன ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தார். அள்ளியதைத் திரும்பக் குவியலில் போட்டுவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். மதியம் முழுக்க அந்தக் கைகள் தயங்கிக்கொண்டே இருந்தன. ஏகாம்பரத்துக்குப் பெரிய சீட்டு எதுவும் வரவில்லை. ஆனாலும் நாலு மணிக்கு எண்ணியபோது அவரிடம் பதினோரு கொட்டை அதிகம் இருந்தது.

மறுநாள் காலை, மடியில் குட்டி கவுனை வைத்துக்கொண்டு பால் வண்டியில் உட்கார்ந்திருந்தார். வாயெல்லாம் பல். வழியனுப்ப வந்த குருவம்மாவிடம் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"அப்படியானால் இனிமேல் ஒவ்வொரு தடவையும் திறக்கச் சொல்லிவிடட்டுமா அம்மா?"

"எந்த ராத்திரி எந்தத் தெருவுக்கு வருவீர்கள் என்று திருடனிடம் சொல்லிவிட்டா ரோந்து போனீர்கள், ஏட்டையா?"