பாட்டு முடிந்த பிறகு

"என் வாயைக் கட்டிப் போடுங்க தாயே," என்றாள் தைலம்மை.

சாமியம்மா குடில் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கட்டிப் போடுறதுக்கு அது என்ன கன்னுக்குட்டியா?"

"மௌன விரதம் கொடுங்க. சாகிற வரைக்கும். இனிமே இந்தத் தொண்டையிலேர்ந்து ஒரு சத்தம் வரக் கூடாது."

"பேசாம இருக்கிறதுக்கு நான் எதுக்கு? பேசாம இருந்தா ஆச்சு."

"பாட்டு வந்துருதே தாயே. நான் கூப்பிடாமலே வந்துருதே."

சாமியம்மா இப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தாள். வந்தவளுக்கு அறுபது வயது இருக்கும். சாமியம்மாவைவிட நன்றாகவே மூத்தவள். நீலக்கல் மூக்குத்தி போட்டிருந்தாள். ஆற்றைக் கடந்து வந்ததில் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"உட்காருங்கக்கா," என்று புளியில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

தைலம்மையைத் தெரியாத ஊர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பாவாடை கட்டும் வயதில் நாடக மேடை ஏறியவள். மைக் வராத காலத்தில், கடைசியில் சாக்கு விரித்துப் படுத்திருப்பவன் காதுவரைக்கும் பாடியவள். புருஷன் பாதியில் எங்கோ போய்விட்டான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ராணி வேஷம் கட்டினாள். மேடையில் கிரீடம், இறங்கினால் ஒற்றைச் சேலை.

இங்கே வருவதற்கு முன் அவள் வேறு சில மடங்களுக்கும் போயிருந்தாள். போன இடமெல்லாம் ஒரே கதைதான். விரதம்தானே, கொடுத்துவிடலாம், அதற்கு முன் ஒரே ஒரு பாட்டு பாடுங்கள் என்றார்கள். ஒரு சாமியார் ஆர்மோனியத்துக்கே ஆள் அனுப்பிவிட்டார். ஞானிகளுக்கும் ஓசி நாடகம் என்றால் ஆசைதான்.

"என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள் சாமியம்மா.

"எம்பொண்ணு செத்துட்டா."

சாமியம்மாவின் கை நின்றது.

"அஞ்சுகம்னு பேரு. காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கவே இல்லை. பாடையில தூக்கி வைக்கிறதுக்கு முன்னாடி அவ தலையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். கதறணும்னுதான் வாயைத் திறந்தேன். பாட்டு வந்துருச்சு."

"என்ன பாட்டு?"

"பொழுது விடிஞ்சதடி."

சாமியம்மா தலையாட்டினாள். உலகத்தைத் துறந்தவளுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது.

நாட்டை இழந்த ராணி, குளத்தில் விழுந்து செத்துப்போன மகளை மடியில் போட்டுக்கொண்டு பாடுவாள். அந்தப் பாட்டுக்கு அழாத ஆள் கிடையாது. அழுது முடித்த கையோடு 'ஒன்ஸ்மோர்' என்று கத்தாத ஆளும் கிடையாது. ஒன்ஸ்மோர் கேட்டுவிட்டால் அப்புறம் நாடகத்தில் நியாயம் பார்க்க முடியாது. ராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து அழ ஆரம்பிப்பாள். செத்த பிள்ளையும் எழுந்து உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி படுத்துச் சாகும். ஜனங்களும் மறுபடி அழுவார்கள். நல்ல ஜனங்கள்.

"பிசிறே இல்லை தாயே. சுத்தமான முகாரி. சுதி இம்மி விலகலை. அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்க அழுகையை நிறுத்திட்டுக் கேட்டாங்க. பறைச் சத்தம் நின்னுபோச்சு. யாரோ ஒருத்தர் தலையை ஆட்டி ரசிச்சாரு. பெத்த பிள்ளை பிணமாக் கெடக்குது, நான் பாட்டுக் கச்சேரி பண்றேன்."

"முழுசும் பாடினீங்களா?"

"கடைசி அடி வரைக்கும். பாடி முடிச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்."

"அழலையா?"

"இல்லை. காத்துக்கிட்டு இருந்தேன்."

"எதுக்கு?"

தைலம்மை புளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருமகன்தான் சொன்னாரு. 'என்ன அத்தே, ஒன்ஸ்மோர் கேக்கணுமா?'ன்னாரு. ஊரே நிக்கிது. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாரு."

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வாயில் இரக்கம் எங்கிருந்து வரும்? மருமகன் சொன்னதை ஊர் சொன்னது. ஊர் சொன்னதைக் கொஞ்ச நாளில் அவளே நம்பிவிட்டாள்.

"அவரைத் தப்பு சொல்ல மாட்டேன் தாயே. கைதட்டலுக்குக் காத்திருந்தே பழகின கட்டை இது. மக பிணத்துக்கு முன்னாடியும் அதுக்குத்தான் காத்திருந்திருக்கு. அன்னையிலேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. வந்தாலும் நான் அதை நம்பப் போறதில்லை. நான் அவளுக்குத் தாயா, இல்லை தாய் வேஷம் கட்டினவளா? எனக்கு அது தெரியணும். தெரியாதுன்னா வாயையாவது கட்டிருங்க. இன்னொரு தடவை அந்தப் பாட்டு வந்தா நான் ஆத்துல விழுந்துருவேன்."

சாமியம்மா இன்னும் கொஞ்சம் புளியை அவள் பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரம் இருவரும் கொட்டை எடுத்தார்கள்.

"நாடகத்துல அந்தச் செத்த பிள்ளையா யாரு படுப்பாங்க?"

"அஞ்சுகம்தான். வேற யாரு? நடக்கப் பழகின வயசுலேயே படுக்க வச்சுட்டேன். மடியில அடங்காம வளர்ற வரைக்கும் அவதான்."

தைலம்மையின் முகம் கொஞ்சம் இளகியது.

"நல்லாச் சாவா தாயே. மூஞ்சியில ஈ உட்கார்ந்தாக்கூட அசைய மாட்டா. பாட்டு நீண்டுபோனா மட்டும், எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, 'கால் மரத்துப்போச்சும்மா, சீக்கிரம் முடி'ம்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமியம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். புளியை ஓரமாக ஒதுக்கினாள். அப்படியே தரையில் நீட்டிப் படுத்து, தைலம்மையின் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன தாயே இது?"

"பாடுங்க."

"நீங்களுமா?"



தைலம்மைக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மடியில் ஒரு தலை இருந்தது. மகள் வயதில் ஒருத்தியின் தலை. அதைத் தரையில் தள்ளிவிட்டு எப்படி எழுவது?

"இது முடிஞ்சதும் விரதம் தருவீங்களா?"

"முடிஞ்சதும் கேளுங்க."

தைலம்மை தொண்டையைக் கனைத்தாள். கை தானாக நெற்றி முடியை ஒதுக்கிவிட்டது. குரல் தானாகத் தன் இடத்தில் போய் நின்றது.

"பொழுது விடிஞ்சதடி பூவே எழுந்திரடி
அழுத கண் காயுமுன்னே அம்மான்னு கூப்பிடடி"

பிசிறே இல்லை. சுத்தமான முகாரி.

சாமியம்மாவின் கன்னத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவள் அசையவில்லை.

கடைசி அடியும் முடிந்தது.

தைலம்மை மடியில் இருந்த முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

சாமியம்மா எழவில்லை.

"தாயே, முடிஞ்சுது."

அசைவில்லை.

"எந்திரிங்க தாயே. பாட்டு முடிஞ்சிருச்சு."

தோளைத் தொட்டு உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எந்திரிங்க. இது என்ன விளையாட்டு?"

கன்னத்தைத் தட்டினாள். மெதுவாகத் தட்டினாள், பிறகு வேகமாகத் தட்டினாள்.

"எந்திரி. பாட்டு முடிஞ்சா எந்திரிக்கணும். திரை விழுந்திருச்சு பாரு, எந்திரி. ஏன் இப்படிப் பண்றே? எந்திரிடி அஞ்சுகம்!"

தன் வாயிலிருந்து வந்த பேரை அவளே கேட்டாள்.

தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது.

அப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் ராகம் இல்லை, சுதி இல்லை. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ மாட்டைப் போட்டு அடிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாமியம்மா கண்ணைத் திறந்தாள். மடியை விட்டு எழவில்லை. மேலே இருந்து விழுந்த கண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

"அன்னைக்கு எதுக்குக்கா காத்திருந்தீங்க?"

"எந்திரிச்சிருவா தாயே," என்றாள் தைலம்மை. "பாட்டு முடிஞ்சா எந்திரிச்சிருவா. எத்தனை தடவை செத்தாலும் எந்திரிச்சு, 'அம்மா பசிக்குது'ம்பா. ஒரு நாள்கூட எந்திரிக்காம இருந்ததே இல்லை தாயே."