செவ்வாயில் மெக்கானிக் கடை கிடையாது

இருதயராஜ் வாத்தியாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது விளாத்திகுளம் பஸ் நிலையத்தில். அன்றும் முத்துப்பேச்சி கதையைச் சொல்லித்தான் சிரித்தார்.

அவருடைய அரசுப் பள்ளிப் பிள்ளைகள் செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் வண்டியின் மாதிரி ஒன்றைச் செய்து மாவட்டப் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஜெயிக்கிற அணி ராக்கெட் ஏவுதளத்தைப் பார்க்கப் போகலாம். தலைமை நடுவர் வைத்தியலிங்கம், தனியார் பள்ளியின் பளபளப்பான வண்டியைத் தடவிக்கொண்டே, இவர்களுடையதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பவுடர் டப்பா மூடியில சக்கரமா? இது பாதி வழியில நின்னுபோகாதுன்னு உறுதி குடு. அப்புறம் சேர்த்துக்கிறேன்."

"நின்னுபோகும் சார்," என்றாள் எட்டாம் வகுப்பு முத்துப்பேச்சி. "எந்த வண்டியும் ஒருநாள் நிக்கும். செவ்வாயில மெக்கானிக் கடை கிடையாது, செஞ்சவங்கதான் சரிபண்ணணும். நீங்களே ரெண்டு வண்டியிலயும் ஒவ்வொரு ஒயரைப் பிடுங்கி விடுங்க. முதல்ல சரிபண்ணி ஓட்டுறவங்க ஏவுதளம் போகட்டும்."

கூட்டம் சிரித்தது. வைத்தியலிங்கம் வீம்புக்கு இரண்டிலும் பிடுங்கினார். முத்துப்பேச்சி ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கி மாட்டினாள். வண்டி ஓடியது. தனியார் பள்ளிப் பிள்ளைகளோ தங்கள் வண்டியைத் தொடவேயில்லை. பார்வையாளர்களின் மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே ஒருவர் ஸ்க்ரூடிரைவரோடு பாதி எழுந்திருந்தார்.

"யாருப்பா அது?" என்றார் வைத்தியலிங்கம்.

"எங்க வண்டியைச் செஞ்ச அண்ணன் சார்," என்றான் ஒரு பையன், வெள்ளந்தியாக.

வைத்தியலிங்கம் வண்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

முத்துப்பேச்சியின் அணி ஏவுதளம் போய்வந்தது. ஒவ்வொரு அணியும் நடுவர் கண்முன்னே பழுது நீக்கிக் காட்ட வேண்டும் என்று மறு வருடம் விதி போட்டார்கள். அந்த விதி இன்றும் இருக்கிறது.