உள்ளேயும் தங்கம்

வேங்கைநாட்டு மன்னர் அதிவீரகேதுவுக்கு வெளியே எதிரிகள் கிடையாது. இருந்த ஒரே எதிரி அவர் முதுகில் இருந்தது. அரிப்பு!

சபைக்கு வந்து அமர்ந்த சிறிது நேரத்தில் அது தொடங்கிவிடும். மன்னர் இடது தோளைச் சொறிவார். உடனே சபையோர் அனைவரும் தங்கள் இடது தோளைச் சொறிந்துகொள்வார்கள். மன்னரைத் தனியாகச் சொறிய விடுவது மரியாதையா? அவைப்புலவர் ஒருவர் சொறிதலின் சிறப்பைப் பற்றி நூறு பாடல்கள் எழுதத் தொடங்கியிருந்தார். வைத்தியர் வேப்பிலை, மஞ்சள், சந்தனம் என்று அரைத்து அரைத்துப் பூசினார். அம்மி தேய்ந்ததுதான் மிச்சம்.

"காரணம் எனக்குத் தெரியும், மன்னா!" என்று ஒருநாள் எழுந்தார் ஆடை அதிகாரி அம்பலவாணர். "எல்லாம் சலவைக்காரன் காத்தான் செய்த வேலை. அவன் துணி வெளுக்கும் உவர்மண்தான் தங்கள் திருமேனியை அரிக்கிறது."

அரிப்பில் இருப்பவருக்கு யோசிக்க ஏது நேரம்? "காத்தானைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்! பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்ட வேண்டும்" என்றார் மன்னர், வலது விலாவைச் சொறிந்தபடி. சபையும் வலது விலாவைச் சொறிந்தது.

காத்தானை இழுத்து வந்தார்கள். "சாமி, என் பிள்ளைகள் உடுத்துவதும் அதே மண்ணில் வெளுத்த துணிதான். ஒருத்தருக்கும் அரிக்கலையே!" என்று கதறினான் அவன்.

"உன் பிள்ளைகள் தோலும் மன்னர் தோலும் ஒன்றாடா?" என்று சீறினார் அம்பலவாணர்.

சபையில் சொறியாமல் நின்றவர் ஒருவர்தான். அவர் நக்கன், மன்னரின் ஆலோசகர்.

"நக்கா, உனக்கு மட்டும் ராஜபக்தி இல்லையா?" என்றார் மன்னர்.

"பக்தி இருக்கிறது, மன்னா. நகம்தான் இல்லை. நேற்றுதான் வெட்டினேன்" என்றார் நக்கன். "அது போகட்டும். வைத்தியருக்கே எட்டாத உண்மையை அம்பலவாணர் கண்டுபிடித்திருக்கிறார். அவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? தங்கள் பொன்னங்கியையே அணிவித்துக் கௌரவிக்க வேண்டும்!"

மன்னர் தினமும் சபைக்கு அணிந்து வரும் அந்த அங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மன்னரின் அங்கிக்கு உட்புறம் பட்டுத்துணி வைத்துத் தைப்பார்கள். "பார்ப்பவர்களுக்கு மட்டும் தங்கமா? மன்னர் மேனிக்கும் தங்கம் வேண்டாமா?" என்று கேட்டவர் அம்பலவாணர். பட்டுத்துணியை எடுத்துவிட்டு உள்ளேயும் தங்கச் சரிகை வைத்தார். சபை கைதட்டியது. போட்டுக்கொள்ளப் போவது அவர்கள் இல்லையே!

மன்னர் மகிழ்ச்சியோடு அங்கியைக் கழற்றிக் கொடுத்தார். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மன்னர் தரும் ஆடையை வெற்றுடம்பில் அணிய வேண்டும். மன்னர் சபையை விட்டு எழும் வரை கழற்றக் கூடாது.

அம்பலவாணர் பெருமையோடு அணிந்துகொண்டார். நக்கன் பாராட்டுரையைத் தொடங்கினார், அம்பலவாணரின் கொள்ளுத்தாத்தா பிறந்த கதையிலிருந்து.

அது சித்திரை மாதம். பேச்சு தாத்தாவிடம் வந்தபோது அம்பலவாணருக்கு வியர்த்தது. அப்பாவிடம் வந்தபோது நெளிந்தார்.

"என்ன ஐயா, நெளிகிறீர்கள்?"

"ஒன்றுமில்லை... ஆனந்தம்!"

நக்கன் அம்பலவாணரின் பால்ய பருவத்தை எட்டியபோது, அவர் எருமைபோலத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அரிக்கிறதோ?" என்று கவலையோடு கேட்டார் நக்கன்.

"அரிக்காமல்? காத்தான் வெளுத்த லட்சணம் அப்படி!"

"அடடா! இந்த அங்கியை அவனிடம் எப்போது வெளுக்கப் போட்டீர்கள்?"

அம்பலவாணருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தங்கச் சரிகையைக் கல்லில் அடித்துத் துவைக்கக் கொடுப்பேனா? நான் என்ன முட்டாளா? தைத்த நாள் முதல் இதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட்டதில்லை!"

வெகுநேரமாக யாரும் சொறியவில்லை என்பதைச் சபை அப்போதுதான் கவனித்தது. மன்னர் தம் முதுகைத் தடவிப் பார்த்தார். அரிப்பைக் காணோம்.

வைத்தியர் மெல்ல வந்து அங்கியின் உட்புறத்தைத் தொட்டார். "அரம்போல இருக்கிறதே! இது உராய்ந்து தோலைக் கீறியிருக்கிறது. கீறலில் வியர்வை பட்டால் எரிச்சலும் அரிப்பும் வரத்தானே செய்யும்?"

"இத்தனை நாள் ஏன் தொட்டுப் பார்க்கவில்லை?" என்றார் நக்கன்.

"மன்னரின் ஆடையைத் தொடுவது மரியாதைக் குறைவாயிற்றே!"

"நல்ல மரியாதை!" என்றார் மன்னர். "சரி, இனி நான் எதை அணிவது?"

"பட்டு மென்மையானது, மன்னா" என்றார் வைத்தியர். "வழுவழுப்பானது. தோலை உரசிப் புண்ணாக்காது. தங்கம் வெளியே இருக்கட்டும், மேனியில் படும் பக்கம் பட்டு இருக்கட்டும். சபை முடிந்ததும் பருத்தி வேட்டி போதும். வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும்."

"அப்படியே புது அங்கி தைக்கட்டும். காத்தானை விடுங்கள். பருத்தி வேட்டிகளை அவன்தான் வெளுக்க வேண்டும்!" என்ற மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்பலவாணருக்கு என்ன தண்டனை தரலாம், நக்கா?"

"தண்டனையா? கௌரவித்தவரைத் தண்டிக்கலாமா? இந்த அங்கியை அவரே வைத்துக்கொள்ளட்டும். தினமும் இதை அணிந்தே சபைக்கு வரட்டும்."

அம்பலவாணர் தடாலென்று மன்னர் காலில் விழுந்தார். "மன்னா, கருணை காட்டுங்கள்! நாட்டின் எல்லை எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள். பொழுது சாய்வதற்குள் நானே போய்விடுகிறேன்!"