கை தூக்காதவர்கள்

அன்று மைதானத்தில் இருந்தவர்கள் பதினான்கு பேர். மாவட்ட பேஸ்பால் முகாமில் பந்து எறியும் பையன்கள் பன்னிரண்டு பேர், அவர்களுடைய பயிற்சியாளர் தர்மசீலன், எலும்பு மருத்துவர் நூருன்னிசா.

பதின்மூன்றாவது பையன் சுகந்தன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பதினாறு வயது. எறிகிற கையின் முழங்கைத் தசைநார் அறுந்துபோய், மணிக்கட்டிலிருந்து வேறொன்றை எடுத்துத் தைத்திருந்தார்கள். தைத்தவர் நூருன்னிசா.

"இன்னொரு கை அறுந்துடாம நாளைக்கு யாரை மேடம் எறிய விடுறது?" என்று கேட்டார் தர்மசீலன். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"யாருக்கு வலி இருக்கு?"

"ஒருத்தனுக்கும் இல்ல. தினமும் சாயந்திரம் கேக்குறேன்."

"எப்படிக் கேப்பீங்க? கேட்டுக் காட்டுங்க."

விசில் ஊதினார். பையன்கள் வரிசையாக வந்து நின்றார்கள்.

"வலிக்கிறவன் கையைத் தூக்கு."

வரிசை அசையவில்லை.

"தூக்கினா என்ன செய்வீங்க?"

"மேட்ச்ல எறிய விடாம உட்கார வச்சிருவேன். அவன் நல்லதுக்குத்தானே."

"சுகந்தன் தூக்கினானா?"

தர்மசீலன் தரையைப் பார்த்தார். "அறுந்த அன்னிக்குக்கூடத் தூக்கல."

நூருன்னிசா காரிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை எடுத்துவந்தார். பன்னிரண்டு ஐஸ் பொட்டலங்களைத் தர்மசீலனையே எண்ணிப் போடச் சொன்னார். பெட்டியைச் சாமான் அறைக்குள் வைத்துவிட்டுப் பையன்களிடம் வந்தார்.

"ஒவ்வொருத்தரா உள்ள போங்க. வலிச்சா ஒண்ணு எடுத்துக்கோங்க. வலிக்கலன்னா தொட வேண்டாம். பின்வாசல் வழியா அப்படியே வீட்டுக்குப் போயிடணும். நாங்க ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்துத்தான் நிப்போம்."

"ஊசி இல்லையே டாக்டர்?" என்றான் ஒருவன்.

"இவனுக்கு மட்டும் நாக்குல ஒண்ணு போடுங்க டாக்டர்," என்றான் பின்னால் நின்றவன்.

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முதல் பையன் உள்ளே போனான்.

தர்மசீலன் ரோட்டைப் பார்த்து நின்றார். முதுகுக்குப் பின்னால் பெட்டியின் மூடி கிறீச்சென்றது. அடுத்த காலடி. மறுபடி கிறீச்.

"சும்மா தூக்கிப் பார்ப்பானுங்க மேடம். பசங்கதானே."

நூருன்னிசா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கிறீச்.

"நாளைக்கு எறிய நவாஸ்தான்னு வச்சிருந்தேன். அவனுக்கு ஒண்ணுமே இல்ல. நேத்து எப்படி எறிஞ்சான் தெரியுமா?"

"திரும்பாதீங்க மாஸ்டர்."

கடைசிக் காலடியும் பின்வாசலைத் தாண்டி ஓய்ந்தது.

"இப்போ போய்ப் பாருங்க."

போனார். மூடிமேல் கையை வைத்தவருக்கு அதைத் தூக்கத் துணிச்சல் வரவில்லை. பன்னிரண்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, ஆறு பொட்டலமாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

தூக்கினார்.

மிச்சம் ஒன்று.