மடியில் கட்டிய காடு

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கதையை மட்டும் கேட்டுவிட்டு நழுவுகிறவர்களுக்கு இது கிடையாது.

பழுப்பு நிலக்கரி தோண்டுகிற ஊர் ஒன்று. தோண்டிய மண்ணெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு குன்றாகக் குவிந்துவிட்டது. மேல்மண் அடியிலும் அடிமண் மேலுமாகப் புரண்டு கிடந்த அந்த மேட்டில், சீமைக்கருவேலம் தவிர ஒரு புல்பூண்டு தலைகாட்டவில்லை. இந்த மண்ணுக்குரிய மரங்களையே அங்கே வளர்க்க வேண்டும் என்று சுரங்கத்துக்காரர்கள் நாற்றங்கால் போட்டார்கள். அதில் கூலி வேலை பார்த்தவள்தான் தையல்நாயகி. இடம் இருந்தது, தண்ணீர் இருந்தது, விதைதான் இல்லை. வீரை, காயா, பாலை என்று அந்த மண்ணின் மரங்கள் மிஞ்சி நின்ற ஒரே இடம் அவள் ஊர் அய்யனாரின் சாமிக்காடு. அதையும் தோண்ட இயந்திரம் வரப்போகிறது!

போய்ப் பொறுக்கிவர வேண்டியதுதானே என்பீர்கள். நன்றாகச் சொன்னீர்கள் போங்கள். அந்தக் காட்டிலிருந்து காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் வெளியே கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அவர் வீட்டில் ஓர் உயிர் போகும். எடுத்தவரே தம் கையால் காட்டில் திரும்ப வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டால்தான் சாமியின் கோபம் தணியும். அதனால் காடு போகப் போகிறதே என்று ஊரே மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. ஆனால் ஒருவரும் குனிந்து ஒரு பழத்தை எடுக்கவில்லை.

தையல்நாயகிக்கு மனசு கேட்கவில்லை. இயந்திரம் வருவதற்கு முந்தின நாள் தனியாகப் போனாள். உதிர்ந்து கிடந்த பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காடு போயிற்று. அது நின்ற இடத்தில் இப்போது பனை ஆழத்துக்குப் பள்ளம்.

நாற்றங்காலில் அவள் போட்ட விதைகள் முளைத்தன. அடுத்த வருஷம் ஐப்பசி மழைக்கு மேட்டில் நடலாம் என்கிற அளவுக்குக் கன்றுகள் தேறின. அந்த நேரம் பார்த்து அவள் மகள் செவந்திக்குக் காய்ச்சல் கண்டது. ஒரே பெண். ரத்தத்தில் அணு குறைந்துகொண்டே போகிறது என்று ஆஸ்பத்திரியில் கையைப் பிசைந்தார்கள். இது சாமியின் கோபம்தான் என்று தையல்நாயகிக்குப் பட்டது. புருஷன் தனக்கோடியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அடிப்பாவி! சாமி சொத்தையா மடியில கட்டியாந்த?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

இருவரும் பூசாரி அரியமுத்துவிடம் ஓடினார்கள். அவர் அவளுக்குச் சின்ன மாமனார்.

"எடுத்த எடத்துலயே உங் கையால வச்சிட்டு வா தாயி. வேற வழி இல்ல."

"காடே இல்லியே மாமா. எங்க போயி வைக்கிறது?"

"பள்ளம் இருக்குல்ல? காடு இருந்த எடம் அதுதான? அதுல போடு."

பள்ளத்தில் போட்டால் ஒரு கன்றுகூடப் பிழைக்காது. வேறு விதையும் கிடையாது. இந்தக் கன்றுகள் போனால் மேடு முழுக்கச் சவுக்கை நட்டு முடித்துவிடுவோம் என்று மேற்பார்வையாளர் முன்பே சொல்லியிருந்தார். போடாவிட்டாலோ, பெற்ற மகள்!

விடிந்ததும் தனக்கோடி கன்றுகளை வண்டியில் ஏற்றினான். அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு வந்தான். அவன் போட்டால் செல்லாது. எடுத்த கைதான் போட வேண்டும். நாலு பேர் பார்க்க, பெண்டாட்டி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"போட்டுடுடி. எனக்கு எம் பொண்ணு வேணும். மரம் யாருக்குடி வேணும்?"

ஒரு கன்றை எடுத்தாள். கை நீண்டது, விடவில்லை. கன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு வண்டியைத் திருப்பி மேட்டுக்கு ஓட்டினாள். வெட்டி வைத்திருந்த குழிகளில் ஏரி வண்டலைப் போட்டு, ஒவ்வொன்றாகத் தன் கையால் நட்டாள். நட்டு முடித்ததும் அந்த மேட்டு மண்ணில் குப்புற விழுந்தாள்.

"பள்ளத்துல என்னா இருக்கு சாமி? உன் காட்டு மண்ணைக் கொண்டாந்து இங்கதான கொட்டினாங்க. உன் காட்டை உங்கிட்டயே வச்சிட்டேன். கோவம் தீரலன்னா என்னை எடுத்துக்க. புள்ளைய விட்டுடு."

செவந்தி பிழைத்தாளா என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். அது தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்ல யாரால்தான் முடியாது? நடும்போது தையல்நாயகிக்கும் அது தெரியாது. பள்ளத்தில் போடச் சொன்ன பூசாரி, மகளுக்காகக் காலில் விழுந்த தகப்பன், மேட்டில் நட்ட தாய்: இதில் யார் செய்தது சரி?

விடை: தையல்நாயகி செய்ததுதான் சரி. காட்டில் எடுத்ததைக் காட்டில் வை என்பதுதான் கட்டளை. மண்ணும் இல்லாமல் மரமும் இல்லாமல் கிடக்கிற பள்ளத்தைக் காடு என்று எந்தச் சாமி ஒத்துக்கொள்ளும்? காட்டின் மண் கிடக்கிற இடத்தில், காட்டின் விதை பிழைக்கிற இடத்தில் அவள் வைத்தாள். முறை தவறாமல் திருப்பிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். பூசாரி இடத்தைப் பார்த்தாரே தவிரக் காட்டைப் பார்க்கவில்லை. தனக்கோடியைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் கிடையாது. செவந்தி பிழைத்துவிட்டாள், மேட்டில் பாதிக் கன்றுகளும் பிழைத்தன. ஆனாலும் அவன் இன்றுவரை பெண்டாட்டியோடு பேசுவதில்லை. பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமலேதானே அன்றைக்கு வண்டியைத் திருப்பினாள்? அவனிடம் போய் இந்தத் தீர்ப்பைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.